இலண்டனில் வாடகை வீடும் கரீபியக் குடியேறிகளும் (1948–1968)

1948 சூன் 22 அன்று 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலிலிருந்து டில்பரித் துறைமுகத்தில் இறங்கிய கரீபியத் தீவினருள், தங்க இடமற்ற இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இலண்டன் கிளாப்பம் சவுத்தின் போர்க்கால நிலவறைப் புகலிடத்தில் தங்கவைக்கப்பட்டனர். அண்மையிலிருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில் அமைந்திருந்தமையால் பலர் அப்பகுதியிலேயே அறை தேடினர்.

அவர்கள் பிரித்தானியக் குடிமக்கள். ஆயினும் குடியுரிமை அவர்களுக்கு வீடு பெற்றுத் தரவில்லை. குண்டுவீச்சுக்குள்ளான நகரில் வீட்டுத் தட்டுப்பாடு நிலவியது. நகராட்சி வீடுகளை ஒதுக்குகையில் உள்ளூரில் வாழ்ந்த காலம் கணக்கிடப்பட்டமையால் புதியோர் பின்தங்கினர். தனியார் அறை விளம்பரங்கள் பலவும் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை என வெளிப்படையாகவே அறிவித்தன. இடங்கொடுத்தோருள் சிலர் ஓரறையில் பலரை அடைத்து மிகை வாடகை பெற்றனர். குடியிருப்போர் வெளியேறிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கிய 1957ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையைக் கடுமையாக்கியது.

இதற்கு அவர்கள் கண்ட மாற்று, தமிழரின் சீட்டை ஒத்த 'பார்ட்னர்' முறையாகும். உறுப்பினர் வாரந்தோறும் சம தொகை செலுத்த, திரண்ட பணத்தை முறைவைத்து ஒவ்வொருவராகப் பெற்றனர். அதனை முன்பணமாக்கி வீடு வாங்கியோர், அறைகளைத் தம்மவர்க்கு வாடகைக்கு விட்டனர்.

1965ஆம் ஆண்டு இன உறவுச் சட்டம் பொது இடங்களில் நிகழும் பாகுபாட்டையே முதன்மையாகத் தடுத்தது. வீட்டு வாடகையை விரிவாக உள்ளடக்கியது 1968ஆம் ஆண்டுச் சட்டமே. அதிலும், உரிமையாளர் தாமும் உடன்வாழும் சிறு வீடுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. புதிதாக வந்தோர் முதலில் நாடிய அறைகள் பலவும் அத்தகைய வீடுகளிலேயே இருந்தன. ஆகவே, காப்பு மிகத் தேவைப்பட்ட இடத்தில் சட்டம் பயன்படவில்லை எனலாம்.