ஒப்புதலைத் தேடாத விசாரணை

சந்தேக நபரை அடிக்காமல், மிரட்டாமல், ஆசை காட்டாமல் விசாரிக்கும் முறை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவலர்களுக்கான நாடு தழுவிய பயிற்சியாக 1992-93இல் உருப்பெற்றது. அதற்கு முன் வெகுகாலம் அங்கே வழிகாட்டியாக இருந்தவை 1912இல் நீதிபதிகள் வகுத்துக் கொடுத்த விதிகள். பேச வேண்டிய கட்டாயமில்லை என்று எச்சரித்த பிறகே கேள்வி கேட்க வேண்டும் என்றன அவை. ஆனால் அவற்றுக்குச் சட்டத்தின் வலு கிடையாது. அறைக்குள் நடந்ததை அதிகாரியே பெரும்பாலும் பிற்பாடு நினைவிலிருந்து குறிப்பேட்டில் எழுதினார். சந்தேக நபர் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று நீதிமன்றத்தில் மறுத்தால், ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல், அவ்வளவுதான்.

இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி வேறு வழியில் போயிருந்தது. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்கும் குற்ற விசாரணைக்கும் கிட்டி, அண்ணாந்தாள் போன்ற சித்திரவதைகள் நடப்பதை 1855இல் ஓர் ஆணையம் பதிவு செய்தது. காவலரிடம் தந்த ஒப்புதல் செல்லாது என்ற விதி 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872இன் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக நிலைத்தது. சொன்னதை வைத்துப் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்குச் செல்லும் என்ற விலக்கு 27ஆம் பிரிவில் இருந்தது. ஒப்புதலைத் தடுத்த இந்தச் சட்டம், காவலர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லித்தரவில்லை. இங்கிலாந்திலோ அந்தத் தடையும் இல்லை. காவலரிடம் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் போதும்.

அதன் விலை 1972இல் வெளிப்பட்டது. தென் லண்டனின் கேட்ஃபர்டில் தீப்பிடித்த ஒரு வீட்டில் மேக்ஸ்வெல் கன்ஃபெய்ட் என்பவர் கழுத்து நெரிபட்டு இறந்துகிடந்தார். பிடிபட்ட மூவரில் மூத்தவனுக்கு வயது 18. அறிவு வளர்ச்சியோ எட்டு வயதுப் பிள்ளைக்குரியது. மற்ற இருவருக்கும் 15, 14. பெற்றோரோ வழக்கறிஞரோ உடனில்லாமல் விசாரித்தபோது மூவரும் ஒப்புக்கொண்டார்கள், தண்டனையும் பெற்றார்கள். இறந்த நேரத்தைப் பற்றிய மருத்துவச் சான்று அந்த ஒப்புதல்களோடு பொருந்தவே இல்லை என்று 1975இல் தீர்ப்பு ரத்தானது. இதையொட்டி நடந்த விசாரணையும் அரச ஆணையமும் 1984இன் காவல், குற்றச் சான்றுச் சட்டத்துக்கு வழிவிட்டன. வழக்கறிஞர் உதவி, ஓய்வு, உணவு, இடைவேளை எல்லாம் சட்டப்படியான உரிமைகளாயின. ஒடுக்குமுறையால் பெற்ற ஒப்புதல் அல்ல என்று ஐயமற நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பின் மேல் விழுந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைச் செய்தது ஒலிப்பதிவுக் கருவி. ஒரே நேரத்தில் இரண்டு கேசட்டுகள் ஓடும். விசாரணை முடிந்ததும் ஒன்றைச் சந்தேக நபரின் கண்முன்னே முத்திரையிட்டு மூடுவார்கள். மற்றது வேலைக்கான பிரதி. குறிப்பேடு காலம் முடிந்தது. கூடவே, விசாரணை அறையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை வெளியாட்கள் முதல்முறையாகக் கேட்க முடிந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜான் பால்ட்வின் 600 விசாரணைப் பதிவுகளை ஆராய்ந்தார். அவற்றில் கொடுமையைவிட அதிகம் தென்பட்டது திறமையின்மை. வழக்கு விவரம் தெரியாமல் உள்ளே வந்த அதிகாரிகள், குற்றவாளி இவர்தான் என்ற முன்முடிவு, திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. விசாரணையின் போக்கில் தம் கூற்றை மாற்றியவர்கள் 600 பேரில் 20 பேர்தான். கேட்டவரின் சாமர்த்தியத்தால் மாறியவர்கள் ஒன்பதே பேர். கல்லையும் பேசவைக்கும் துப்பறிவாளர் என்ற புகழ் பெரும்பாலும் கட்டுக்கதை என்று ஆயிற்று.

இதற்கிடையே ஒப்புதலை நம்பிய பழைய வழக்குகள் வரிசையாகச் சரிந்தன. 1974ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்புகளுக்காகத் தண்டிக்கப்பட்ட கில்ஃபர்டு நால்வர் 1989இல் விடுதலையாயினர். பர்மிங்காம் அறுவர் 1991 மார்ச் 14 அன்று வெளியே வந்தனர். குற்றவியல் நீதி பற்றிய புதிய அரச ஆணையம் அன்றைக்கே அறிவிக்கப்பட்டது. 1992இல், ஒரு கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட கார்டிஃப் மூவரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிபதிகள் நாடாவையே ஓடவிட்டுக் கேட்டார்கள். முந்நூறு தடவைக்கு மேல் மறுத்த ஒருவரை அதிகாரிகள் கத்திக் கத்தியே பணிய வைத்திருந்தார்கள். கூடவே இருந்த வழக்கறிஞர் வாயே திறக்கவில்லை. உண்மைக் கொலையாளி 2003இல் மரபணுச் சான்றால் சிக்கினார்.

இந்தச் சூழலில் பிறந்ததுதான் 'பீஸ்' முறை. ஐந்து கட்டங்களின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர். முதலில் திட்டமிடல்: என்ன தெரியும், என்ன தெரியாது, எதை நிரூபிக்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுதுவது. பிறகு சந்தேக நபரோடு பேச்சுத் தொடங்கி, நடக்கப்போவதை விளக்குவது. மூன்றாவதே மையம். நடந்ததை அவரே முழுக்கச் சொல்லக் குறுக்கிடாமல் கேட்டு, பகுதி பகுதியாகத் தெளிவாக்கிக்கொண்டு, கையிலிருக்கும் சான்றோடு முரண்படும் இடங்களைக் கடைசியில் முன்வைப்பது. முடித்துவைப்பதும் மதிப்பிடுவதும் எஞ்சியவை. ஒத்துழைப்பவரிடம் எட்வர்டு கைசல்மன், ரொனால்டு ஃபிஷர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1980களில் உருவாக்கிய நினைவுமீட்பு நேர்காணல் பயன்பட்டது. ஒத்துழைக்காதவரிடம் உளவியலாளர் எரிக் ஷெப்பர்டின் உரையாடல் மேலாண்மை. குறிக்கோள் ஒப்புதலிலிருந்து தகவலுக்கு மாறியது. பொய் சொன்னாலும் லாபமே: விவரமாகச் சொன்ன பொய்யைச் சரிபார்க்க முடியும்.

அமெரிக்காவில் வேரூன்றிய ரீடு முறை நேர் எதிரானது. அங்கே குற்றம் உறுதி என்ற தொனியில் தொடங்கி, மறுப்பை இடையிலேயே வெட்டுவார்கள். இல்லாத சான்று இருப்பதாகப் பொய் சொல்வதையும் 1969இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பொறுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் அது எடுபடாது. ஒரு தீவைப்பு வழக்கில், உடைந்த பாட்டில் கண்ணாடியில் கைரேகை கிடைத்ததாகச் சந்தேக நபரிடமும் அவர் வழக்கறிஞரிடமும் பொய் சொல்லிப் பெற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்றது தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1987இல் சொல்லிவிட்டது.

பயிற்சி ஒரு வாரம்தான், அது போதவில்லை. 2001இல் வெளிவந்த மதிப்பீடு, சந்தேக நபரின் முழு விவரிப்பைப் பெறுவதில் பலர் இன்னும் தடுமாறுவதைக் காட்டியது. அதன்பின் பயிற்சி படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டது. 1994இன் சட்டமோ, மௌனம் காத்தால் பாதகமாக ஊகிக்கலாம் என்று பழைய உரிமையைச் சுருக்கியிருந்தது; தகவலைத் தேடும் முறையும் மௌனத்தைப் பாதகமாக்கும் சட்டமும் ஒன்றுக்கொன்று இசையாதவை.

நார்வேயில் 1995இல் நடந்த ஒரு கொலையில், இறந்த பெண்ணின் உறவினர் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்று, 1998இல் விடுவிக்கப்பட்டார். அந்த அதிர்ச்சியில் அந்நாட்டுக் காவல்துறை ஆங்கில முறையைத் தழுவித் தன் பயிற்சியை அமைத்தது. 1970களில் அர்ஜென்டினாச் சிறையில் சித்திரவதைக்கு உள்ளான வழக்கறிஞர் ஹுவான் மென்டெஸ், ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்தபோது, உலகுக்கெல்லாம் இத்தகைய நெறிமுறை வேண்டும் என்று 2016இல் கோரினார். அவர் பெயரால் 2021இல் வெளிவந்த கோட்பாடுகள் ஆறு. விசாரணை அறிவியலையும் சட்டத்தையும் அறத்தையும் அடித்தளமாகக் கொள்ள வேண்டும் என்கிறது முதலாவது. அது தனிப் பயிற்சி தேவைப்படும் தொழில் என்கிறது நான்காவது.