திரிகைக்குத் திரும்பிய சொபா: பதினாறு மோன் உணவு நட்சத்திர உணவகத்தை எட்டிய வரலாறு

ஜப்பானின் பக்வீட் நூடுல்ஸான சொபாவைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு நேர்கோட்டில் ஓடும். எடோ காலத்தில் (1603–1868) தழைத்த கைத்தொழில், தந்தையிடமிருந்து மகனுக்கு, குருவிடமிருந்து சீடனுக்கு என்று கைமாறி இன்று மிஷெலின் நட்சத்திரம் பெற்ற உணவகங்களில் வந்து நிற்கிறது என்பார்கள். சான்றுகளை வரிசைப்படுத்தினால் இந்தக் கோடு நடுவில் அறுந்துபோவதைக் காணலாம். கடையிலேயே திரிகையில் அரைத்த மாவு, கையால் பிசைந்து வெட்டிய இழை, விளைந்த ஊரைச் சொல்லி வாங்கிய தானியம் ஆகியவையே இன்று உயர்தர சொபாவின் அடையாளங்கள். இவை எடோவிலிருந்து அப்படியே வந்த சொத்துகளாகத் தெரியவில்லை. 20ஆம் நூற்றாண்டில் சிலர் வலிந்து மீட்டெடுத்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பஞ்சத்துக்கு விதைத்த பயிர்

பக்வீட் புல்லினத் தானியம் அன்று. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்தின்போது உண்ணும் ‘குட்டு’ மாவும் இதுவே. வளமற்ற மண்ணிலும் குளிர்ந்த மலைச்சரிவிலும் இரண்டரை மாதத்தில் விளைந்துவிடும். 722ஆம் ஆண்டில் மழை பொய்த்தபோது, பேரரசி கென்ஷோ இதைப் பயிரிடச் சொல்லி ஆணையிட்டதை ‘ஷோகு நிஹோங்கி’ என்னும் அரச வரலாற்று நூல் பதிவு செய்கிறது. நெல் கைவிட்டபோது உயிரைக் காக்கும் பயிர், அவ்வளவுதான். பல நூற்றாண்டுகள் மக்கள் இதைக் கஞ்சியாகக் குடித்தார்கள். இல்லையென்றால் மாவில் வெந்நீர் விட்டுக் கிளறிக் களியாக உண்டார்கள். அந்தக் களி ‘சொபாகாகி’ என்ற பெயரில் நல்ல சொபாக் கடைகளில் இன்றும் உண்டு.

மாவைத் தேய்த்து இழைகளாக வெட்டும் ‘சொபாகிரி’ பற்றி இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய குறிப்பு 1574ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிசோ மலைப்பகுதியில் உள்ள ஜோஷோஜி என்னும் பௌத்த மடத்தில் கட்டடப் பழுதுபார்ப்பு நடந்தபோது சொபாகிரி வழங்கப்பட்டதாக அந்த மடத்து ஆவணம் சொல்கிறது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1614இல், ஒரு துறவியின் நாட்குறிப்பில் அது இன்றைய தோக்கியோவான எடோ நகரத்தில் தலைகாட்டுகிறது.

1643இல் வெளிவந்த ‘ரியோரி மொனொகதாரி’ என்ற சமையல் நூல் செய்முறையே தருகிறது. சோறு வடித்த கஞ்சியிலோ, வெதுவெதுப்பான நீரிலோ, அரைத்த டோஃபு கரைத்த நீரிலோ மாவைப் பிசையச் சொல்கிறது. கோதுமை மாவு பற்றி அதில் பேச்சே இல்லை. பக்வீட்டில் குளூட்டன் கிடையாது. பிசைந்த மாவு இழுபடாது, பொலபொலவென்று உதிரும். கஞ்சியும் டோஃபுவும் அந்தக் குறையை ஈடுகட்டத் தேடிய வழிகள் என்றே கொள்ள வேண்டும். கோதுமையைக் கலப்பது பின்னால் பரவிய உத்தி. இரண்டு பங்கு கோதுமைக்கு எட்டுப் பங்கு பக்வீட் என்ற ‘நிஹாச்சி’ விகிதம் பிறகு நிலைபெற்றது.

பதினாறு காசு

1657இல் எடோவைப் பெருந்தீ விழுங்கியது. நகரத்தை மறுபடி கட்ட வந்து குவிந்த தச்சர்களுக்கும் கூலியாட்களுக்கும் சுடச்சுடச் சமைத்துப் போட வீட்டில் ஆளில்லை. தெருவோர உணவு பெருகியது. நெருப்பைத் தூக்கிக்கொண்டு அலையும் நூடுல்ஸ் வியாபாரிகளுக்கு 1686இல் அரசு தடை விதித்தது. தடை விதிக்கும் அளவுக்குக் கூட்டம் இருந்தது என்றே அதைப் படிக்கலாம். எடோ காலத்தின் பிற்பகுதியில் ஒரு கிண்ணம் 16 மோன் காசு. டெம்புரா போட்டால் 32. கிதகாவா மொரிசதா எழுதிய ‘மொரிசதா மான்கோ’ இந்த விலைகளைத் தருவதோடு, 1860இல் கூடிப் பேசிய எடோ சொபாக் கடைகளின் எண்ணிக்கை 3,763 என்றும் குறிக்கிறது. இரவில் சுமந்து விற்பவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

பதினாறு என்ற விலை மக்கள் மனத்தில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு ‘தொக்கி சொபா’ என்ற ரகுகோ நகைச்சுவைக் கதையே சாட்சி. சொபா தின்றவன் ஒவ்வொரு காசாக எண்ணிக் கொடுக்கிறான். எட்டு வந்ததும் “இப்போது மணி என்ன?” என்கிறான். கடைக்காரன் “ஒன்பது” என்றதும் “பத்து, பதினொன்று” என்று தொடர்ந்து ஒரு காசை அமுக்கிவிடுகிறான். கேட்பவர்களுக்கு விலை தெரியாவிட்டால் இந்தக் கதையில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஆனாலும் ருசி பேதம் பார்க்கும் பழக்கம் அப்போதே முளைத்துவிட்டது. 1789இல் எடோவின் அசாபுவில் தொடங்கிய சரஷினா என்னும் கடை, விதையின் நடுப்பகுதி மாவை மட்டும் எடுத்து வெண்ணிற சொபா செய்தது. ஒசாகாவில் தன் மூலத்தைச் சொல்லிக்கொள்ளும் சுனாபா மரபு எடோவில் கிளைவிட்டது. மூன்றாவது பெருமரபு யாபு. அதன் தலைமைக் கடையான கண்டா யாபு சொபா 1880இல் ஹொரிதா ஷிச்சிபேயின் கையில் உருவானது. அங்கே இழை இளம்பச்சை, தொட்டுக்கொள்ளும் சாறு கடும் உவர்ப்பு. இழைகளின் நுனியை மட்டும் சாற்றில் தோய்த்து உறிஞ்ச வேண்டும் என்ற நாகரிகமும் சேர்ந்துகொண்டது. நத்சுமே சொசெகி 1905இல் எழுதத் தொடங்கிய ‘நான் ஒரு பூனை’ நாவலில் மெய்தெய் என்னும் பாத்திரம் இதைப் பற்றிப் பெரிய பிரசங்கமே செய்கிறது. உணவைக் காட்டிலும் உண்ணும் முறைக்கு மரியாதை கூடும்போது ரசனையோடு போலிப் பெருமையும் வளரும். சொசெகி கிண்டல் செய்வது அதைத்தான்.

அறுந்த இடம்

1880களில் ஜப்பானில் நூடுல்ஸ் இயந்திரம் வந்தது. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு தோக்கியோவை மறுபடி கட்டியபோது சொபாக் கடைகளில் அது வேகமாகப் பரவியது. பிறகு இரண்டாம் உலகப் போர், பங்கீடு, மாவுத் தட்டுப்பாடு. போருக்குப் பின் பெரும்பாலான கடைகள் ஆலை மாவை வாங்கி இயந்திரத்தில் இழுத்தன. கோதுமை விகிதம் கூடிக்கொண்டே போனது. பச்சை நூடுல்ஸ் பொதியில் ‘சொபா’ என்று அச்சிட பக்வீட் மாவு 30 சதவீதம் இருந்தாலே போதும் என்கிறது ஜப்பானிய முத்திரை விதி. முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வேறு மாவு இருக்கலாம் என்றுதானே இதற்குப் பொருள்?

இந்த ஓட்டத்துக்கு எதிராக நின்றவர் கதாகுரா யசுவோ (1904–1995). 1926இல் ஷின்ஜுகுவில் ‘இஸ்ஸா-ஆன்’ கடையைத் தொடங்கிய இவர், கைவேலையை நுணுக்கமாக ஆராய்ந்து வகுத்தார்; பிற்காலத்தில் அதைப் பாடமாகவே நடத்தினார். குடும்பத்துக்குள்ளும் கடை வம்சத்துக்குள்ளும் பூட்டிக் கிடந்த வித்தை, வெளியாள் கட்டணம் கட்டிக் கற்கும் படிப்பாயிற்று. என் மதிப்பீட்டில் சொபாவின் நவீன வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம். அலுவலக வேலையை விட்டுவிட்டு நடுவயதில் சொபாக் கடை திறப்பவர்கள் ஜப்பானில் தனி இனமாகவே உருவானதற்கு இங்கேதான் வேர்.

கதாகுராவிடம் பயின்றவர்களில் தகாஹாஷி குனிஹிரோ 1975இல் தோக்கியோவில் ‘ஒகினா’வைத் திறந்தார். 1986இல் அதை யமனாஷி மலையடிவாரத்துக்கு மாற்றினார். விதையை வாங்கி, தானே உமி நீக்கி, கல் திரிகையில் அரைத்தார். உணவுப் பட்டியல் சில வரிகளே. சொபா தின்பதற்காக மலையேறிப் போகும் பழக்கத்தை இத்தகைய கடைகள் உண்டாக்கின.

திரிகைக்கு ஏன் இத்தனை மதிப்பு? வேகமான உருளை ஆலையில் மாவு சூடேறும். பக்வீட்டின் மணம் எளிதில் பறந்துவிடும். கல் மெல்லச் சுழன்றால் மாவு குளிர்ச்சியாக விழும். அரைத்தவுடன், பிசைந்தவுடன், வேகவைத்தவுடன் உண்ண வேண்டும் என்று கடைக்காரர்கள் சொல்வதும் அந்த மணத்தை முன்னிட்டே.

பிசைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் விரல்நுனிதான் முதலில் வேலை செய்யும். அரக்குப் பூச்சுள்ள அகன்ற பாத்திரத்தில் மாவைப் பரப்பி நீரைச் சிறிது சிறிதாக விட்டு, பத்து விரலாலும் அளைந்துகொண்டே இருப்பார்கள். மாவு முதலில் ரவை போலாகும், பிறகு குறுணியாகும், அப்புறம் சிறு உருண்டைகளாகத் திரளும். அதுவரை அழுத்திப் பிசையக் கூடாது. ஒரு கரண்டி நீர் கூடினாலும் குறைந்தாலும் பின்னால் சரிசெய்ய முடியாது. திரட்டிய மாவை நீண்ட கட்டைகளால் சதுரமாகத் தேய்த்து, மடித்து, பலகையை அணைவாக வைத்துக் கனத்த கத்தியால் வெட்டுவார்கள். சுமார் 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு 23 இழை என்பது எடோ அளவு. கொதிநீரில் கிடப்பது ஒரு நிமிடத்தை ஒட்டியே. உடனே குளிர்நீரில் அலசி மூங்கில் தட்டில் வைக்கிறார்கள். வேகவைத்த நீரையும் கொட்டுவதில்லை; கடைசியில் மிச்சச் சாற்றில் ஊற்றிக் குடிக்கத் தருகிறார்கள்.

நட்சத்திரங்கள்

உயர்தர உணவு என்ற அங்கீகாரம் முதலில் பெரிய சர்ச்சையாக வெடித்த இடம் நியூயார்க். தோக்கியோவின் ஒகிகுபோவில் 1924இல் தொடங்கிய ஹொன்முரா-ஆன் குடும்பத்தைச் சேர்ந்த கொபாரி கொயிச்சி, 1991இல் சோஹோ பகுதியில் அதே பெயரில் கடை திறந்தார். 1993இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் ரூத் ரைக்கல் அதற்கு மூன்று நட்சத்திரம் தந்தார். அதுவரை பெரிய பிரெஞ்சு உணவகங்களுக்கு உரியதாகக் கருதப்பட்ட வரிசையில் ஒரு நூடுல்ஸ் கடையா என்று அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த பிரையன் மில்லர் ஆசிரியர்களுக்குப் புகார்க் கடிதம் எழுதினார். சொபாவின் சுவை பற்றிய சண்டையாக நான் இதைப் பார்க்கவில்லை. வெள்ளை மேசைவிரிப்பு இல்லாத உணவுக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பதே அங்கே கேள்வி.

மிஷெலின் தோக்கியோவுக்கு வந்தது 2007 நவம்பரில்தான். ரியோகோகுவின் ஹொசொகாவா, ஜிங்குமாயேவின் தமாவராய் போன்ற சொபாக் கடைகள் பின்னர் ஒரு நட்சத்திரம் பெற்றன. அதற்குள் கதாகுரா, தகாஹாஷி வழிவந்த தரம் இரண்டு தலைமுறை கண்டுவிட்டது. வழிகாட்டி நூல் ஏற்கெனவே இருந்ததற்கு முத்திரை குத்தியது, அவ்வளவே. மூன்று பழம்பெரும் மரபுகளின் புகழோ நட்சத்திரத்தை நம்பி இருக்கவில்லை. 2013 பிப்ரவரியில் கண்டா யாபுவின் பழைய கட்டடம் தீக்கிரையானது. 2014 அக்டோபரில் கடை திறந்தபோது மக்கள் வரிசையில் நின்றார்கள்.

இக்கடைகளில் உணவு மெதுவாக நகரும். முதலில் சாக்கே மது. அதனோடு மீன் கேக், முட்டைப் பொரியல், சுட்ட கடற்பாசி, காய்கறி டெம்புரா. சொபா கடைசியில்தான். சைவ வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெறும் சொபாவோடு வரும் சாற்றிலும் உலர்ந்த சூரை மீனின் வடிநீர் இருக்கும்.

ஜப்பான் உண்ணும் பக்வீட்டில் பெரும்பகுதி இன்னும் இறக்குமதிதான். உள்நாட்டு விளைச்சலில் முதலிடம் ஹொக்கைதோவுக்கு. விலையில் மட்டும் சொபா தன் பிறப்பை விட்டு அதிகம் விலகவில்லை. நட்சத்திர சுஷிக் கடையில் ஒருவேளை உணவுக்குப் பல பத்தாயிரம் யென் ஆகும் தோக்கியோவில், நட்சத்திர சொபாக் கடையின் ஒரு தட்டு சொபாவுக்கு ஓரிரு ஆயிரம் யென்னே போதும்.