புவியின் சுவடிக்கூடம்: லாண்ட்சற் படிமங்களின் வரலாறு

சுவடி என்றதும் ஓலையும் தாளுமே எம் நினைவுக்கு வருவன. ஆயின், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொகுக்கப்பட்டு வரும் மாபெருஞ் சுவடித் தொகுதியொன்று எழுத்தாலானதன்று; புவியின் மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளியை எண்களாக்கிப் பதிந்தது அது. ஐக்கிய அமெரிக்காவின் தென் டக்கோட்டா மாநிலத்தில், சூ ஃபோல்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள ஈரோஸ் நிலையத்திற் பேணப்படும் லாண்ட்சற் செய்மதிப் படிமங்களையே இங்குக் குறிப்பிடுகின்றோம். காடழிவையும் நீர்நிலைகளின் வற்றுகையையும் அளந்தறிய உலகெங்கும் பயன்படும் இத்தொகுதி, ஒரு காலத்தில் விற்பனைப் பண்டமாக்கப்பட்டது. அதனால் நேர்ந்த இழப்பு யாதென நோக்குதல் பயனுடைத்து.

புவி வளங்களை விண்ணிலிருந்து நோக்கும் திட்டத்தை அமெரிக்க உள்நாட்டுத் திணைக்களம் 1966ஆம் ஆண்டில் அறிவித்தது. அவ்வேளை புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் தலைவராயிருந்த வில்லியம் பெக்கோரா அதன் முன்னோடிகளுள் ஒருவர். 1972 யூலை 23ஆந் திகதி ஏவப்பட்ட முதலாவது செய்மதி இரு கருவிகளைச் சுமந்து சென்றது. தொலைக்காட்சி முறையிலமைந்த கமராக்களே முதன்மையானவை எனக் கருதப்பட்டன. வேர்ஜீனியா நோர்வூட் என்னும் அம்மையார் வடிவமைத்த பல்நிறமாலை வருடியோ வெறும் பரிசோதனைக் கருவியாகவே இடம்பெற்றது. அசையும் ஆடியொன்றை நம்பி அளவீடு செய்யலாகாதெனப் பலர் ஐயுற்றனர். ஆனால் சில வாரங்களுள் மின்கோளாறினாற் கமராக்கள் செயலிழந்தன. வருடியோ பச்சை, சிவப்பு, செந்நிறக்கீழ் ஆகிய அலைப்பகுதிகளிற் பெறப்பட்ட ஒளியை எண்களாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கமொன்று ஏறத்தாழ 185 கிலோமீற்றர் கொண்ட நிலப்பரப்பு ஒரு படிமத்துள் அடங்கிற்று. எண்ணாக இருந்தமையாலேயே ஓராண்டின் படிமத்தை மற்றோராண்டின் படிமத்தோடு கணனியில் ஒப்பிட முடிந்தது. நிழற்படத்துக்கும் சுவடிக்கும் உள்ள வேறுபாடு இதுவே எனலாம்.

1979இல் கார்ட்டர் ஆட்சியில் தொடங்கிய மாற்றம், 1984இல் றீகன் ஆட்சியில் நிறைவேறிய சட்டத்தினால் முழுமை பெற்றது. படிமங்களை விற்கும் உரிமை ஈயோசற் என்னும் தனியார் நிறுவனத்திடம் சென்றது. ஒரு படிமத்தின் விலை 4,400 டொலர் வரை உயர்ந்தது. பெருநாடொன்றின் காடுகளை ஆராய முற்படுவோர்க்கு நூற்றுக்கணக்கான படிமங்கள் வேண்டியிருக்க, பல்கலைக்கழகங்கள் ஒன்றிரண்டை வாங்கி அமைதி கொள்ள நேர்ந்தது. வறிய நாடுகளின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

விலையேற்றம் பின்னர் நீக்கப்படக்கூடியதே. நீக்கவியலாத கேடு வேறொன்றுண்டு. வாங்குவோர் உளரெனின் மட்டுமே படிமம் பதியப்படும் என்ற நிலை அக்காலத்திற் பெரிதும் நிலவியது. ஆதலால் 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் உலகின் பல பிரதேசங்களுக்குரிய பதிவுகள் மிகச் சொற்பமாயுள்ளன. செய்மதி அவற்றின் மேலாகப் பறந்தது. ஆயின் எதுவும் எழுதப்படவில்லை. தொலைந்த ஏட்டின் படி எங்கேனும் கிடைக்கலாம். எழுதப்படாத ஏட்டைத் தேடுவதெங்ஙனம்?

1992இன் சட்டம் திட்டத்தை மீண்டும் அரசின் பொறுப்பாக்கியது. மறுவருடம் ஏவப்பட்ட ஆறாவது செய்மதி சுற்றுப்பாதையை அடையவில்லை. 1984இல் ஏவப்பட்ட ஐந்தாவது செய்மதி 2013 வரை தாக்குப்பிடித்திராவிடின், தொடர்ச்சி அங்கேயே அறுந்திருக்கும். 1999இல் ஏவப்பட்ட ஏழாவது செய்மதியின் படிமம் 600 டொலருக்கு விற்கப்பட்டது. அவ்விலையில் 2001இல் விற்பனையானவை ஏறத்தாழ 25,000 மட்டுமே. 2008இல் தொகுதி முழுவதும் இலவசமாகத் திறந்துவிடப்படுமென அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளுள் வருடமொன்றிற் பெறப்பட்ட படிமங்கள் பத்து இலட்சத்தை விஞ்சின.

இதன் பயன் ஆய்விலும் தெரிந்தது. 2013இல் ஹான்சன் குழுவினர் 654,178 படிமங்களைக் கணித்து, 2000 முதல் 2012 வரை உலகம் 23 இலட்சம் சதுரகிலோமீற்றர் காட்டை இழந்ததெனக் காட்டினர். பழைய விலையில் அப்படிமங்களை வாங்குவது எந்தப் பல்கலைக்கழகத்துக்கு இயலும்? 2016இல் வெளிவந்த பெக்கெல் குழுவினரின் ஆய்வு முப்பது இலட்சம் படிமங்களைக் கொண்டு, 1984க்கும் 2015க்கும் இடையில் ஏறத்தாழ 90,000 சதுரகிலோமீற்றர் நிரந்தர நீர்ப்பரப்பு மறைந்தமையைக் கண்டது. அவ்வாய்வும் தொடக்க ஆண்டுகளிற் பதிவின்மையால் இடர்ப்பட்டமை கவனிக்கற்பாலது.

வேறொரு பணியும் அமைதியாக நடைபெற்றது. கனடா, பிரேசில், அவுஸ்திரேலியா முதலிய நாடுகளின் நிலையங்கள் நேரடியாகப் பெற்றுவைத்த படிமங்கள் பல, ஈரோஸ் நிலையத்தில் இருக்கவில்லை. அவற்றை ஒன்றுதிரட்டும் முயற்சி 2010இல் தொடங்கியது; 2015அளவில் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட படிமங்கள் சேர்ந்தன. ஒவ்வொரு நிலையமும் தனக்கெனத் தனிப் பதிவுமுறையைக் கையாண்டமையால் அவற்றை வாசிப்பதே பெரும்பாடாயிற்று. காந்த நாடா ஓலையினும் நீடித்து நிலைப்பதன்று. ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும், அதனை ஓட்டும் இயந்திரமும் வழக்கொழிந்துவிடும். கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடி உழைத்த உழைப்போடு இப்பொறியியலாளரின் உழைப்பு பெரிதும் ஒத்தது என்பது எம் கருத்து.

திறந்த சுவடியின் அரசியற் பெறுமதிக்குப் பிரேசிலே தக்க சான்று. அந்நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் அமசன் காடழிவை லாண்ட்சற் முதலிய செய்மதிகளின் படிமங்களைக் கொண்டு ஆண்டுதோறும் அளந்து வருகின்றது. 2004இல் 27,000 சதுரகிலோமீற்றரை விஞ்சிய அழிவு, கண்காணிப்பும் சட்ட நடவடிக்கையும் இணைந்தமையால் 2012இல் 4,600 சதுரகிலோமீற்றரளவுக்குக் குறைந்தது. பின்னர் அழிவு மீண்டும் ஏறியபோது, 2019இல் சனாதிபதி பொல்சனாறோ அந்நிறுவனத்தின் தரவுகளைப் பொய்யெனச் சாடினார். அதன் பணிப்பாளர் றிக்கார்டோ கல்வாவோ பதவி நீக்கப்பட்டார். ஆயினும் அதே நிலத்தின் படிமங்கள் எவரும் எடுத்துப் பார்க்கக்கூடியனவாய் இருந்தன. அவ்வாண்டின் இறுதிக் கணிப்பு 10,000 சதுரகிலோமீற்றரைத் தாண்டிற்று.