முத்துமாரியும் அம்மைப்பாலும்

மலாக்கா நகரின் காஜா பேராங் பகுதியில் மலாக்கா செட்டி சமூகத்தாரின் முத்துமாரியம்மன் ஆலயம் உள்ளது. புக்கிட் காத்தில் வட்டாரத் தமிழர் பலரும் அறிந்த கோயில் அது. ஆண்டுதோறும் மே மாதத்தை ஒட்டி அங்கு நடைபெறும் திருவிழாவை அம்மக்கள் ‘டத்தோ சாச்சார்’ என வழங்குவர். சாச்சார் என்பது அம்மை நோயைக் குறிக்கும் மலாய்ச் சொல். பல தலைமுறைகளுக்கு முன்பே வீட்டுமொழியாகத் தமிழை விட்டு மலாயை ஏற்றுக்கொண்டவர்கள், அம்மனை விடவில்லை. நோய்க்கும் தெய்வத்துக்கும் ஒரே பெயர் என்னும் தமிழ் வழக்கையும் விடவில்லை.

அந்த வழக்கு எவ்வாறு தோன்றியிருக்கும்? நம் சொற்களையே சற்று உற்று நோக்குவோம். காய்ச்சல் ‘வந்தது’ என்கிறோம். அம்மையோ ‘போட்டிருக்கிறது’, ‘வார்த்திருக்கிறது’. கொப்புளத்தை ‘முத்து’ என்கிறோம். நோய் தணிந்தால் ‘அம்மை இறங்கிவிட்டது’ என்கிறோம். பெரியம்மை கண்டவருள் நூற்றுக்கு முப்பதின்மர் அளவில் மாண்டனர்; பிழைத்தவருள் பலர் தழும்போடும், சிலர் கண்ணிழந்தும் வாழ்ந்தனர். ஒரே வீட்டில் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் மறு பிள்ளையை விட்டுச்செல்லும் நோய்க்குக் காரணம் சொல்வார் எவருமிலர். காரணம் அறியமுடியாத அதனைத் தாய் என்று அழைத்து, அவளோடு பேசவும் வேண்டவும் கோபிக்கவும் வழி கண்டனர் நம் முன்னோர். அறியாமையின் விளைவு என்று மட்டும் இதனை ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை.

அவ்வழிபாட்டினுள் கூர்ந்த கவனிப்பும் அடங்கியிருந்தது. வாசலில் வேப்பிலை கண்டால் அயலார் உள்ளே நுழையமாட்டார். நோயாளி தனியே கிடத்தப்படுவார். தாளிப்பு மணம் வீட்டில் எழாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை கட்டுப்பாடு தளராது. ஒருமுறை பெரியம்மை கண்டு பிழைத்தவருக்கு அது மீண்டும் வாராது என்பதையும் மக்கள் அறிந்திருந்தனர். வங்காளத்தில் இவ்வறிவு இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஊர் ஊராகச் சென்ற அந்தணர், முந்தைய ஆண்டின் அம்மைக் கொப்புளச் சீழை நலமுள்ளோரின் கையில் கீறிச் சேர்த்து, தேவியை வேண்டி மந்திரம் ஓதி, உணவுக் கட்டுப்பாடும் விதித்ததை ஹால்வெல் என்னும் ஆங்கிலேயர் 1767-இல் எழுதி வெளியிட்டார். அங்கே மருத்துவமும் வழிபாடும் ஒரே கையின் இரு தொழில்களாக இருந்தன.

அப்படியாயின் எட்வர்டு ஜென்னர் செய்த புதுமைதான் யாது? கிருமியை அவர் அறிந்தாரல்லர். நச்சுயிரி என்னும் கருத்தே அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்துத்தான் தோன்றியது. பால் கறக்கும் பெண்களைப் பெரியம்மை அணுகுவதில்லை என்ற நாட்டுப்புற நம்பிக்கையே அவர் கையிருப்பு. 1796 மே 14-ஆம் நாள் ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனுக்குப் பசுவம்மைச் சீழை வைத்தார். அதோடு நில்லாமல், ஜூலையில் பெரியம்மைச் சீழையே அவனுக்குச் செலுத்திப் பார்த்தார். இன்றைய அறநெறி இதனை ஒருபோதும் அனுமதியாது. ஆனால் தம் எண்ணம் பொய்யாகிவிடக்கூடிய ஒரு வாயிலை அவர் தாமே திறந்துவைத்தார். வேண்டுதல் பலிக்காவிடின் தெய்வம் பொய்யென்று எந்தத் தாயும் முடிவு கட்டுவதில்லை. சிறுவன் நோயுற்றிருந்தால் ஜென்னரின் கருத்து அன்றே வீழ்ந்திருக்கும். வேற்றுமை இங்கேதான் இருக்கிறது.

இதில் வியப்பான செய்தி ஒன்று. உலகெங்கும் வழங்கிய அம்மைப்பால், பசுவம்மைக் கிருமியினின்றும் வேறானது என்று 1939-இல் தெரியவந்தது. 1902-ஆம் ஆண்டின் அமெரிக்க அம்மைப்பால் ஒன்று குதிரையம்மைக்கு நெருங்கியது என 2017-இல் ஆய்வாளர் கண்டனர். கோடானுகோடி மக்களைக் காத்த மருந்தின் பிறப்பிடமே ஐயத்துக்குரியது. அதனை அறிவியலார் மறைப்பதுமில்லை.

சென்னையில் இம்மருந்தை மக்கள் அஞ்சியபோது, திருக்குறளுக்கு உரை கண்ட எல்லீசர், பசுவம்மை பற்றிப் புராணப் பாங்கில் தமிழில் ஒரு கதை புனைந்தார். நோக்கம் நன்று, வழி நன்றன்று என்பேன். அம்மை குத்துதலை நம் பண்டை நூல்களே கூறுவதாக அக்காலத்தில் கிளம்பிய கூற்றுகளைப் பிற்காலத்தார் மெய்ச்சான்றாகவே எடுத்தாண்டனர். நம் மேடைகளிலும் அத்தகைய பெருமைப்பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

மலாயாவுக்கு வந்த நம்மவரோ இவ்விரண்டையும் ஒருங்கே சுமந்து வந்தனர். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் அம்மை குத்திக்கொண்டு கப்பலேறியோர், கையில் தழும்போடு இறங்கி, பால்மரத் தோட்டந்தோறும் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினர். ‘அம்மை குத்துதல்’, ‘அம்மைப்பால்’ என ஊசிக்கும் மருந்துக்கும்கூட அவள் பெயரே நிலைத்தது. ஒன்றை ஏற்க மற்றொன்றைத் துறக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

இந்தியாவில் பெரியம்மை 1975-இல் ஒழிந்தது. இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில் காணப்பட்டார். 1980 மே 8-ஆம் நாள் உலகச் சுகாதாரப் பேரவை அந்நோய் அடியோடு நீங்கியதென அறிவித்தது. காஜா பேராங் திருவிழாவோ நிற்கவில்லை.

“நோயே போய்விட்டதே, அம்மன் எதற்கு ஐயா?” என்று மாணவன் கேட்பான், கேட்கவும் வேண்டும். நோய்க்குக் காரணம் சொல்லும் பொறுப்பில் அம்மன் இன்று இல்லை, நோயுற்றவனைத் தனியே விடாதிருக்கும் பொறுப்பில் இருக்கிறாள் என்று நான் விடை கூறுவேன். அத்தோடு விட்டுவிடவும் மாட்டேன். 2016-இல் தொண்டை அடைப்பான் நம் நாட்டில் மீண்டும் தலைகாட்டியபோது, தடுப்பூசி போடாத பிள்ளைகள் இறந்தனர். அக்குழந்தைகளின் நோய்க்குக் காரணமும் மருந்தும் நூறாண்டுக்கு முன்பே கண்டறியப்பட்டுவிட்டன.