அட்டை விடல்

அட்டை விடல் என்பது நோயுற்ற இடத்தில் நீரட்டையைக் கடிக்கவிட்டு இரத்தத்தை வெளியேற்றும் சிகிச்சை. சித்த மருத்துவம் வகுத்துள்ள 32 புறமருந்துகளுள் இதுவும் ஒன்று.

உயிரியல்
அட்டை, மண்புழுவைப் போல வளைதசைப் புழு இனத்தைச் சேர்ந்தது. இந்தியக் குளங்குட்டைகளில் வாழும் ஹிருடினேரியா கிரானுலோசா சிகிச்சைக்குப் பயன்படுகிறது. அதற்கு 33 உடற்கண்டங்கள், 5 இணைக் கண்கள், இரு முனைகளிலும் ஒட்டுறிஞ்சிகள் உண்டு. ஆண், பெண் உறுப்புகள் ஒரே உடலில் அமைந்திருக்கும். மூன்று தாடைகளும் தோலில் மூன்று கீறல்கள் ஒரு புள்ளியில் கூடும் காயத்தை உண்டாக்குகின்றன. உமிழ்நீரிலுள்ள ஹிருடின் என்னும் புரதம், இரத்தத்தை உறையச் செய்யும் திராம்பினை முடக்கிவிடும். அதனால் அட்டை விழுந்த பிறகும் காயத்தில் மணிக்கணக்கில் இரத்தம் கசியும். ஒருமுறை குடித்த இரத்தம் அட்டைக்குப் பல மாதங்களுக்குப் போதும்.

வரலாறு
சுசுருத சம்ஹிதை அட்டைகளை 12 வகையாக்கி, அவற்றில் 6 நஞ்சுள்ளவை என ஒதுக்குகிறது. அட்டை கடிக்க மறுத்தால் நோயுற்ற இடத்தில் ஒரு சொட்டுப் பால் விடவேண்டும். கடித்து உறிஞ்சத் தொடங்கியதும் ஈரத்துணியால் மூடவேண்டும். முடிந்ததும் வாயில் உப்பிட்டு, வாலிலிருந்து நீவி, குடித்த இரத்தத்தைக் கக்கவைக்கவேண்டும் என்று அந்நூல் முறை வகுக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மருத்துவர் புரூசே எல்லா நோய்க்கும் அட்டையைப் பரிந்துரைத்தார். 1833இல் மட்டும் பிரான்ஸ் 4 கோடிக்கு மேல் அட்டைகளை இறக்குமதி செய்தது. அளவில்லாமல் பிடித்ததில் ஐரோப்பிய நீர்நிலைகளில் அட்டைகள் அருகிப்போயின. கண்மூடித்தனமாக இரத்தம் எடுத்தது நோயாளிகளுக்கும் கேடாயிற்று.

அட்டையின் உமிழ்நீர் இரத்தம் உறைவதைத் தடுக்கிறது என்று 1884இல் ஆய்வாளர் ஜான் ஹேக்ராஃப்ட் கண்டறிந்த பின் பார்வை மாறியது. 1985இல் பாஸ்டனில் சிறுவன் ஒருவனின் துண்டான காதை அறுவை மருத்துவர் ஜோசப் அப்டன் மீண்டும் பொருத்தினார். சிரைகளில் இரத்தம் தேங்கிக் காது கருத்தபோது அட்டைகளை விட்டு அதைக் காப்பாற்றினார். 2004இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அட்டையை மருத்துவச் சாதனமாக அனுமதித்தது. கெட்ட இரத்தத்தை நீக்குவது பழைய நோக்கம். புதிய சிரைகள் வளரும்வரை தேங்கிய இரத்தத்துக்கு வடிகால் தருவது நவீன அறுவை மருத்துவத்தின் நோக்கம்.

இன்றைய பயன்பாடு
சென்னை தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் பாக்டீரியா காயத்தில் தொற்றக்கூடும். ஒருவருக்கு விட்ட அட்டையை இன்னொருவருக்கு விடவும் கூடாது. இரத்தசோகை, இரத்தம் உறையாக் குறைபாடு உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்களும் இதைத் தவிர்க்கவேண்டும். குளத்தில் பிடித்த அட்டையை வீட்டில் தாமே விட்டுக்கொள்வது ஆபத்தானது. பயிற்சி பெற்ற மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே செய்யத்தக்க சிகிச்சை இது.