செயலிக் கடைகளும் போட்டிச் சட்டமும்

செயலிக் கடை என்பது கைப்பேசியின் இயங்குதளத்தை வைத்திருக்கும் நிறுவனமே நடத்தும் செயலி விற்பனைத் தளம். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் சுமார் 500 செயலிகளோடு திறந்தது. கூகுளின் ஆண்ட்ராய்டு மார்க்கெட் அதே ஆண்டு வந்து, 2012இல் பிளே ஸ்டோர் எனப் பெயர் மாறியது. விற்கும் விலையில் 30 சதவீதம் கடைக்கு என்ற கணக்கும் அந்தக் காலத்தியதுதான். ஐபோனில் நெடுங்காலம் வேறு கடைக்கே இடமில்லை. ஆண்ட்ராய்டில் இடம் உண்டு, ஆனால் பெரும்பாலோர் பிளே ஸ்டோரைத் தாண்டிப் போவதில்லை. இந்தக் கடைகளுக்குப் போட்டிச் சட்டம் கடிவாளம் போட வேண்டுமா என்ற வழக்கு 2020க்குப் பின் பல நாடுகளில் சூடுபிடித்தது.

கமிஷன் எல்லோருக்கும் கிடையாது. சாப்பாடு வரவழைக்கும் செயலியும் டாக்சி செயலியும் தங்கள் விற்பனையில் கடைக்குப் பங்கு தருவதில்லை. அவற்றின் பொருளும் சேவையும் கைப்பேசிக்கு வெளியே கிடைப்பவை. பாட்டு, விளையாட்டு, சந்தா எனத் திரைக்குள்ளேயே முடியும் விற்பனைக்குத்தான் கடையின் சொந்தப் பேமெண்ட் முறை கட்டாயமாக்கப்பட்டது. கமிஷனும் அதன் வழியாகவே பிடிக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருப்பவர்களுக்கு 2021இல் இரு நிறுவனங்களும் விகிதத்தை 15ஆகக் குறைத்தன. மோசடிச் செயலிகளைச் சலித்து எடுப்பதும் உருவாக்குநருக்குக் கருவிகள் தருவதும் சும்மா நடக்குமா என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் செயலியைச் சோதிப்பதற்குப் பொருந்தும் இந்தப் பாதுகாப்பு வாதம், ‘எங்கள் இணையதளத்தில் விலை குறைவு’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லவே கூடாது என்ற தடைக்குப் பொருந்தாது. டாக்சிக் கட்டணத்தை யார் வசூலித்தாலும் ஆபத்தில்லை, பாட்டுச் சந்தாவை வசூலித்தால்தான் ஆபத்து என்பதும் நம்பும்படியாக இல்லை.

அமெரிக்காவில் பெரிய மோதல் 2020 ஆகஸ்ட் 13 அன்று தொடங்கியது. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், செயலிக்குள் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாவது பொத்தான் ஒன்றை வைத்தது. விளையாட்டுக்குள் செல்லும் 1,000 வி-பக்ஸ் ஆப்பிள் வழியாக 9.99 டாலர், எபிக்கிடம் நேரடியாக 7.99 டாலர். அன்றே இரு கடைகளும் ஃபோர்ட்நைட்டைத் தூக்கின. அன்றே எபிக் வழக்குப் போட்டது. நீதிபதி யுவோன் கொன்சாலஸ் ரோஜர்ஸ் 2021 செப்டம்பரில் தந்த தீர்ப்பில் பத்துக் குற்றச்சாட்டுகளில் ஒன்பதில் ஆப்பிளுக்கே வெற்றி. வெளியே வாங்கும் வழியைக் காட்டக் கூடாது என்ற தடை மட்டும் கலிஃபோர்னியா சட்டப்படி செல்லாது என்றானது. கூகுளோ 2023 டிசம்பரில் ஜூரியிடம் முழுமையாகத் தோற்றது. கதவை இறுக மூடிய ஆப்பிள் தப்பிக்க, பாதி திறந்து வைத்த கூகுள் மாட்டியது வேடிக்கைதான். கதவைத் திறந்து வைத்ததால்தான், போட்டிக் கடை முளைக்காமலிருக்கக் கைப்பேசி நிறுவனங்களோடும் விளையாட்டு நிறுவனங்களோடும் கூகுள் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. அந்த ஒப்பந்தங்களே ஜூரி முன் சாட்சியாயின.

ஆனால் தீர்ப்புகளால் கமிஷன் போய்விடவில்லை. தென் கொரியா 2021இல் உலகிலேயே முதலாவதாகக் கட்டாயப் பேமெண்ட் முறையைச் சட்டம் போட்டுத் தடுத்தது. வேறு முறையைப் பயன்படுத்துவோரிடம் ஆப்பிள் 26 சதவீதம் கேட்டது. நெதர்லாந்தில் டேட்டிங் செயலிகளுக்காகப் போட்டி அமைப்பு விதித்த அபராதம் 5 கோடி யூரோவரை ஏறியும், அங்கே 27 சதவீதம். அமெரிக்காவில் 2024 ஜனவரியில் வெளி இணைப்புகள் அனுமதிக்கப்பட்டபோதும் அதே 27தான். கார்டு நிறுவனத்துக்கும் வங்கிக்கும் போவதைக் கூட்டிப் பார்த்தால், வெளியே போன உருவாக்குநருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. இது தன் உத்தரவை வேண்டுமென்றே மீறிய செயல் என்று 2025 ஏப்ரல் 30 அன்று கண்டித்த ரோஜர்ஸ், அந்தக் கமிஷனை வாங்கத் தடை விதித்தார். ஆப்பிள் மேல்முறையீடு செய்தது. நடத்தையைத் தடுத்துவிட்டு விலையைத் தொடாமல் விடும் உத்தரவு காகிதத்தோடு நின்றுவிடும் என்பதற்கு இந்த மூன்று நாடுகளே போதும்.

ஐரோப்பிய ஒன்றியம் வழக்குக்குக் காத்திராமல் முன்கூட்டியே விதி எழுதியது. 2024 மார்ச்சில் பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய டிஜிட்டல் சந்தைகள் சட்டம் ஐபோனிலும் வேறு கடைகளுக்கு வழிவிடச் சொல்கிறது. அதன்கீழ் 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விழுந்தது.

இந்தியாவில் இந்திய போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 25 அன்று, பிளே ஸ்டோர் பேமெண்ட் கொள்கைக்காகக் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மற்றவர்களுக்குக் கட்டாயமான முறை கூகுளின் சொந்த யூடியூபுக்கு மட்டும் இல்லை என்பதும் ஆணையத்தின் குறைகளில் ஒன்று. உத்தரவுக்குப் பின் கூகுள் மாற்றுப் பேமெண்ட் முறையை அனுமதித்துக் கட்டணத்தில் 4 புள்ளிகள் குறைத்தது: 15 கட்டியவருக்கு 11, 30 கட்டியவருக்கு 26. பேமெண்ட் கேட்வே செலவு தனி.

இந்தக் கட்டணத்தை எதிர்த்துச் சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் போயின. இது ஆணையம் விசாரிக்க வேண்டிய விஷயம், உரிமையியல் வழக்காக நடத்த முடியாது என்று 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி பெரும்பாலான மனுக்களை நிராகரித்தார்; 2024 ஜனவரியில் டிவிஷன் பெஞ்சும் அதையே உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தரவில்லை. மார்ச் 1 அன்று கூகுள் பத்து நிறுவனங்களின் செயலிகளை நீக்கியது. கிறிஸ்டியன் மேட்ரிமோனி, முஸ்லிம் மேட்ரிமோனி, ஜோடி எல்லாம் ஒரே நாளில் பிளே ஸ்டோரிலிருந்து காணாமல் போயின. ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்ட பிறகு சில நாட்களில் திரும்பி வந்தன. தீர்ப்பால் அல்ல, அமைச்சரின் பேச்சால் திரும்பியது போட்டிச் சட்டத்துக்குப் பெருமை சேர்ப்பதல்ல.

ஆணையம் அதே மாதம் புதிய விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கூகுள் மேலாதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்ற ஆணையத்தின் 2022 முடிவைப் பெருமளவு ஏற்றது. ஆனால் பிளே ஸ்டோர் வருமானத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்று கூறி அபராதத்தை 216.69 கோடியாகக் குறைத்தது. ஐரோப்பிய வழியில் முன்கூட்டியே விதி வகுக்க 2024 மார்ச்சில் வெளியிடப்பட்ட டிஜிட்டல் போட்டி மசோதா இன்னும் வரைவு நிலையைத் தாண்டவில்லை.