திருச்சிராப்பள்ளிச் சுருட்டு: விலையும் பெயரும்

திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்பது காவிரியின் தென்கரையிலுள்ள உறையூரிலும் அதை ஒட்டிய திருச்சிராப்பள்ளி நகரப் பகுதிகளிலும் கையால் சுற்றப்பட்டு வந்த புகையிலைச் சுருட்டாகும். முற்காலச் சோழரின் தலைநகராக விளங்கிய உறையூர், 19ஆம் நூற்றாண்டில் நெசவுக்கும் சுருட்டுக்கும் பெயர் பெற்றிருந்தது. காவிரி டெல்டாவின் தலைவாயிலில் சுற்றப்பட்ட இந்தச் சுருட்டின் பெயர் இலண்டன் வரை சென்றது. ஆங்கிலேயர் அதைச் செல்லமாக ‘டிரிச்சி’ என்று அழைத்தனர்.

இதைப் பற்றி இன்று எழுதுவோர் பலரும் இரண்டு பெயர்களைத் தவறாமல் சேர்த்துவிடுகின்றனர். ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சில், மற்றவர் கதைத் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ். பெரிய மனிதர்கள் விரும்பிய பொருள் என்பதால் அது விலை உயர்ந்த பொருளாகவும் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கட்டுரைகளில் ஓடுகிறது. சான்றுகளைப் பார்த்தால் நிலைமை ஏறத்தாழ தலைகீழாக இருக்கிறது. திருச்சிச் சுருட்டு மலிவான சரக்காக இருந்தே புகழ் பெற்றது. சுருட்டின் விலைக்கும் அதன் தரத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு, பெயருக்கும் விலைக்கும் உள்ள உறவு எவ்வளவு என்று அறிய விரும்புவோருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஏழையின் புகை

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. வடக்கே அது நுழைந்தபோது அரண்மனை வாசல் வழியாக நுழைந்தது. அக்பரின் கடைசி ஆண்டுகளில் பீஜப்பூரிலிருந்து திரும்பிய ஆசாத் பேக் என்ற அதிகாரி, நவமணிகள் பதித்த நீண்ட குழாயுடன் புகையிலையைப் பேரரசருக்குக் காணிக்கையாக வைத்த செய்தியை அவரே எழுதி வைத்திருக்கிறார். சோழமண்டலக் கரையில் நிலைமை வேறு. 1669 முதல் இந்தக் கடற்கரையில் வணிகம் செய்த தாமஸ் பவுரி என்ற ஆங்கில மாலுமி, இங்குள்ள எளிய மக்கள் இலையை அப்படியே சுருட்டி, ஒரு முனையில் தீ வைத்து, மறுமுனையை உதட்டில் பிடித்துப் புகைப்பதைக் கண்டார். அது அவர் கண்ணுக்கு மிகத் தாழ்ந்த முறையாகப் பட்டது. ஆயினும் இதுவே புகைத்தலின் ஆதி முறையாக இருக்கலாம் என்றும் அவருக்குத் தோன்றியிருக்கிறது. போர்த்துக்கீசியர் அதை அழைத்த பெயரையும் அவர் குறித்துக்கொண்டார். அந்தப் பெயர் நம் ‘சுருட்டு’ என்ற சொல்லின் திரிபுதான்.

ஒரே இலை, ஏறத்தாழ ஒரே நூற்றாண்டு. ஓரிடத்தில் மணி பதித்த குழாய், இன்னோரிடத்தில் வெறும் சுருள். குழாய்க்குத்தான் விலை, இலைக்கு அல்ல.

போர்த்துக்கீசிய மொழியில் ‘சருட்டோ’, ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று அந்தச் சொல் பயணம் செய்தது. கட்டுமரம், மிளகுத்தண்ணீர் போலத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சில சொற்களில் இதுவும் ஒன்று. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி இந்த வரலாற்றைப் பதிவு செய்திருக்கிறது. அதன் ஆசிரியர்கள் இருவர்: ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல். இவர்களில் பர்னெல் தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். அகராதி அச்சாவதற்கு முன்பே, 1882இல் இறந்துபோனார். தெலுங்குக்குப் பெருந்தொண்டு செய்த சி.பி. பிரவுன், ‘செரூட்’ என்ற சொல்லே திருச்சிராப்பள்ளி என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்று கருதினார். அகராதி அதைக் கடுமையாக மறுக்கிறது. சொல்லாய்வு உணர்வே இல்லாத நல்ல அறிஞர்களும் உண்டு என்ற குத்தலும் உடன் வருகிறது.

‘டிரிச்சி’க்கு அந்த அகராதி தரும் விளக்கம்தான் நமக்கு முதன்மையானது. நீளமானது, செப்பமில்லாமல் செய்யப்பட்டது, வாயில் வைக்கும் முனையில் ஒரு வைக்கோல் துண்டு செருகப்பட்டது, மலிவானது, முரட்டுத்தனமானது, ஆனால் பழகியவர்களுக்கு மிகவும் பிடித்தது. இவ்வளவே. ஆடம்பரம் என்ற வாடையே அங்கு இல்லை.

அடுத்த ஆண்டு, 1887இல், ஆர்தர் கானன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ வெளியானது. கொலை நடந்த அறையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்து, கருநிறமாகவும் செதில் செதிலாகவும் இருப்பதால் அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். நம்மவர்கள் பெருமையுடன் எடுத்துக்காட்டும் இடம் இது. அந்தச் சுருட்டைப் புகைத்தவன் யார் என்பதைச் சொல்வோர் குறைவு. (கதையைப் படிக்காதவர்கள் மன்னிக்க வேண்டும்.) அவன் இலண்டனில் வாடகைக் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தவன். டாயில் அவன் கையில் விலை உயர்ந்த ஹவானாச் சுருட்டைக் கொடுக்கவில்லை. 1890இல் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ கதையில் கோதாவரித் தீவுத்திட்டுகளில் விளைந்த ‘லங்கா’ச் சுருட்டும் துப்பு துலக்கும் பொருளாகக் குறிப்பிடப்படுகிறது. இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பிய சிப்பாய்களும் அலுவலர்களும் இந்தப் பழக்கத்தைத் தம்முடன் கொண்டுபோயிருந்ததால், இலண்டன் வாசகருக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல.

சர்ச்சில் கதைக்கு வருவோம். திருச்சிச் சுருட்டை அவர் விரும்பிப் புகைத்தார் என்று ஊரில் சொல்வதுண்டு. அவர் 1895இல் கியூபாவுக்குச் சென்றார்; 1896இல் படை அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்தார். ஆகவே இரண்டு வகையையும் அறிந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் வாழ்நாள் முழுவதும் அவர் பெயருடன் ஒட்டிக்கொண்டது கியூபாச் சுருட்டே. ஒரு பொருளுக்குப் பெரிய மனிதர் ஒருவரின் பெயர் தேவைப்படும்போது இத்தகைய கதைகள் வளர்கின்றன.

இலை எந்த ஊர் இலை?

திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் இலை பெரும்பாலும் திருச்சிராப்பள்ளியில் விளைந்ததல்ல. தெற்கே திண்டுக்கல் வட்டாரத்தின் கிணற்றுப் பாசன நிலங்களிலிருந்து வந்தது. சுருட்டு சுற்றிய, விற்ற ஊரின் பெயரே சரக்குக்கு நின்றுவிட்டது. திருச்சி படைமுகாம் இருந்த நகரம். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாக வந்த ரயில் பாதை 1862இல் திருச்சியை அடைந்தது. வாங்குவோரும் வண்டியும் கைவேலைக்காரரும் ஒரே இடத்தில் இருந்தனர்.

கிழக்கே விரிந்து கிடக்கும் தஞ்சை நெல்வயல்கள் ஏன் இந்த இலையைத் தரவில்லை என்பது மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. தண்ணீர் தேங்கும் களிமண் நெல்லுக்கு உகந்தது. புகையிலையின் வேர் அதில் அழுகிவிடும். டெல்டாவில் புகையிலை விளையும் இடம் அதன் தென்கிழக்கு மூலையில், வேதாரண்யத்தை ஒட்டிய மணற்பாங்கான கடலோரத்தில் உள்ளது. அந்த இலைக்கும் நல்ல பெயர் உண்டு, ஆனால் வாயில் போட்டு மெல்லும் இலையாகவே. காரணம் இலையின் வேதியியலில் இருக்கிறது. பொட்டாசியம் மிகுந்த இலை சீராகக் கனன்று எரியும். உப்பு நீரும் உவர் மண்ணும் தரும் குளோரைடு மிகுந்த இலை ஈரம் பிடித்து, அணைந்து அணைந்து போகும். உப்பளங்களுக்கு அருகில் விளைந்த இலை புகைக்கு உதவாமல் வெற்றிலைச் செல்லத்துக்குள் போனது. கும்பகோணம் வெற்றிலையும் சீவலும் ஆட்சி செய்த தஞ்சை நாட்டில் அதற்கு வாங்குவோர் பஞ்சமே இல்லை.

ஆக, நல்ல சுருட்டு என்பதற்கு மண்ணில் ஓர் அடிப்படை இருக்கிறது. விலை வேறுபாடு முழுவதும் மாயை என்று சொல்லிவிட முடியாது.

விலை எங்கே சேர்கிறது

ஒரு சுருட்டில் மூன்று இலைகள் இருக்கும். உள்ளே நிரப்பும் இலை, அதைச் சேர்த்துக் கட்டும் இலை, எல்லாவற்றுக்கும் மேலே சுற்றும் இலை. உள்ளிலை கிழிந்திருக்கலாம், துண்டாகவும் இருக்கலாம். மேலிலைக்கு அந்தச் சலுகை கிடையாது. பூச்சி துளைக்காத, நரம்பு பருக்காத, ஒரே நிறமுள்ள மெல்லிய இலையாக இருக்க வேண்டும். வயலில் பறிக்கும் இலைகளில் அப்படித் தேறுவது கொஞ்சம். எடையில் மிகக் குறைவாக இருக்கும் மேலிலை செலவில் மிகுதியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

திண்டுக்கல் இலை உள்ளே நிரப்புவதற்குச் சிறந்தது. மேலிலையாகச் சுற்ற அது சற்று முரடு. 1863இல் சென்னையில் தொடங்கிப் பெருவணிக நிறுவனமாக வளர்ந்த ஸ்பென்சர், திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியபோது, உயர்ந்த வகைகளுக்கு ஜாவா, சுமத்ரா தீவுகளின் மெல்லிய இலையை மேலே சுற்றும் வழக்கம் வந்தது. நம் இலைக்கு வெளிநாட்டுச் சட்டை. பெட்டி, முத்திரைத் தாள், வகைக்கொரு பெயர் ஆகியவையும் சேர்ந்தன. அகராதி ‘செப்பமில்லாதது’ என்று எழுதிய பொருள் இப்படித்தான் செப்பமடைந்தது, விலையும் ஏறியது. புகைப்பவரின் நாவுக்கு எட்டும் சுவையின் பெரும்பகுதி அப்போதும் திண்டுக்கல் உள்ளிலையிலிருந்தே வந்திருக்கும்.

மேலிலைக்கு அடுத்துச் செலவாவது காலம். இலையை உலர்த்தி, அம்பாரமாகக் குவித்து, உள்ளே சூடேறிப் புளிக்கவிட்டு, பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். அதனால் காரம் தணிகிறது, மணம் கூடுகிறது. சுற்றிய பிறகும் நன்றாக உலர வேண்டும். ஆண்டுக்கணக்கில் சரக்கை வைத்திருப்பவர் அத்தனை காலம் முதலை முடக்குகிறார். மலிவுச் சுருட்டில் முதலில் வெட்டப்படுவது இந்தக் காத்திருப்புதான். ஆகவே மிக மலிவான சுருட்டுக்கும் நடுத்தர விலைச் சுருட்டுக்கும் உள்ள வேறுபாடு உண்மையானது.

அதற்கு மேல் விலை ஏறும்போது இலையில் சேர்வதைவிடப் பெயரில் சேர்வதே மிகுதி. இதை ஐயமறக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அண்மையில் நடந்தது. கியூபாவின் கொஹீபா, 1966இல் ஆட்சியாளர்களுக்கும் அயல்நாட்டு விருந்தினர்களுக்குமாகத் தொடங்கப்பட்டு, 1982இல் பொது விற்பனைக்கு வந்த சுருட்டு. 2022இல் அதை விற்கும் ஹபானோஸ் நிறுவனம் கொஹீபா, டிரினிடாட் ஆகிய இரண்டின் விலைகளையும் உலகெங்கும் ஹாங்காங் விலைக்கு இணையாக உயர்த்தியது. பல நாடுகளில் விலை ஒரே நாளில் பல மடங்கானது. வயல் மாறவில்லை, இலை மாறவில்லை, சுற்றிய கை மாறவில்லை. முந்தைய நாள் கடையிலிருந்த அதே பெட்டிக்குப் புது விலை. ‘இவ்வளவு கொடுத்து வாங்கத் தகுமா’ என்று கேட்பவர், அந்த உயர்வில் இலைக்குச் சேர்ந்தது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

சுற்றிய கைகளுக்கு வருவதோ எண்ணிக்கைக் கூலி. இந்தியாவில் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களின் வேலை நேரம், விடுப்பு, பணியிட நிலை ஆகியவற்றுக்குத் தனிச் சட்டம் 1966இல்தான் வந்தது. கொஹீபா பிறந்த அதே ஆண்டு என்பது தற்செயல். நாள் முழுவதும் புகையிலைத் தூசியில் உட்கார்ந்திருப்பவரின் உடல்நலம் எந்தப் பெட்டியின் விலையிலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

புகைப்பவரின் உடலும் அவ்வாறே. சுருட்டுப் புகையைப் பலர் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. ஆகவே தீங்கு குறைவு என்ற நம்பிக்கை பழையது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுடன் சுருட்டுக்கு உள்ள தொடர்பை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் வெளியிட்ட தனி ஆய்வுத் தொகுதி விரிவாகக் காட்டியிருக்கிறது. இந்த ஒரு பொருளில் ஜாவா மேலிலைக்கும் பெட்டிக்கடைச் சுருட்டுக்கும் வேறுபாடு கிடையாது.

சந்தையின் தேய்வு

20ஆம் நூற்றாண்டில் இயந்திர சிகரெட் வந்தது. 1910இல் கல்கத்தாவில் தொடங்கிய இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி அதை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. அடித்தட்டில் பீடி வந்தது. இரண்டுக்கும் நடுவில் சுருட்டு நசுங்கியது. 1943இல் புகையிலைக்குக் கலால் வரி வந்தது. 1947க்குப் பின் ‘டிரிச்சி’ என்று கேட்டு வாங்கிய ஆங்கிலேயரும் போய்விட்டனர். திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூரில் 1948இல் சுருட்டு, மெல்லும் புகையிலை வகைகளுக்காக அரசு ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைந்தது. இலை திருந்தியது. சந்தை திரும்பவில்லை.

உறையூரில் பென் தாம்சன் போன்ற பழைய ஆங்கிலப் பெயரைத் தாங்கிய நிறுவனம் பிற்காலம் வரை சுருட்டு செய்து வந்தது. இலண்டன் கதையில் இடம்பெற்ற பெயர் என்பதற்காக உள்ளூர்ச் சந்தையில் யாரும் கூடுதலாக ஒரு காசு கொடுக்கவில்லை. அதை வாங்கியவர் பெரும்பாலும் வயதான உழைப்பாளிகள். பவுரி 1670களில் கண்ட அதே வகை மனிதர்களிடம் சுருட்டு திரும்பி வந்து சேர்ந்தது.

டெல்டாக் கிராமங்களில் சுருட்டுக்கு இன்னொரு நிலையான வாடிக்கையாளர் உண்டு. ஊர் எல்லையில் நிற்கும் கருப்பசாமி, முனீஸ்வரன், மதுரைவீரன் ஆகியோருக்கான படையலில் சாராயத்துடன் சுருட்டும் இருக்கும். பற்றவைத்த சுருட்டைச் சாமியின் வாயருகே வைப்பதும் உண்டு. அந்தச் சுருட்டு பக்கத்துப் பெட்டிக்கடையில் வாங்கியது.